அப்பாவோட கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு ரெண்டு வருஷமா போற லேப்: 4 ஸ்டார் ஏன், மிச்சம் ஒண்ணு ஏன் குடுக்கல

மதுரைல எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப் பத்திதான் எழுதுறேன். பேரு போடல, ஏன்னா நான் சொல்லப் போற குறை இவங்க ஒருத்தரோட குறை மட்டும் இல்ல, நான் பாத்த வேற லேப் ரிப்போர்ட்லயும் இதே கதைதான். கொஞ்சம் பெருசா இருக்கும், ஆனா வீட்டுல ஸ்ட்ரோக் வந்தவங்க யாராச்சும் இருந்தா தயவுசெஞ்சு முழுசா படிங்க, எங்களுக்கு அப்போ யாரும் இதைச் சொல்லல.

அப்பாவுக்கு 67 வயசு. 2023 பிப்ரவரில விடியக்காலம் எந்திரிச்சு பாத்ரூம் போகும்போது வலது கால் இழுத்துக்கிட்டு கீழ உக்காந்துட்டாரு, வாய் ஒரு பக்கம் கோணிருச்சு, அம்மா கூப்பிட்டா பதில் சொல்றாரு ஆனா வார்த்தை வரல. ஆஸ்பத்திரில எம்ஆர்ஐ எடுத்தாங்க, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க, "கழுத்துல அடைப்பு ஒண்ணும் இல்ல, நார்மல்"னு சொன்னாங்க. அப்போ எடுத்த எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 138. கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின் 40 ராத்திரிக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, பிபி மாத்திரை, இவ்வளவும் எழுதிக் குடுத்து 9 நாள்ல அனுப்பிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு கொலஸ்ட்ரால் பாத்துட்டு வாங்கன்னாங்க, அப்படித்தான் இந்த லேப் எங்களுக்குப் பழக்கம்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன், நல்லது நிறைய இருக்கு. ஆட்டோல ஏத்தி இறக்குறது முடியாதுன்னு போன் பண்ணோம், மறுநாள் காலைல 7 மணிக்கு ஒரு தம்பி பைக்ல வந்துட்டாரு, சொன்ன டைம்க்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே. அப்பாவுக்கு ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வலது கை விரல் எல்லாம் உள்பக்கமா மடங்கி இறுகிப் போயிருக்கும், தொட்டாலே வலிக்கும். ஆஸ்பத்திரில யாரும் கேக்காம அந்தக் கையையே இழுத்து ஊசி போட்டிருக்காங்க. இந்தத் தம்பி பையைத் திறக்குறதுக்கு முன்னாடியே "ஐயா, எந்தக் கை உங்களுக்கு நல்லாருக்கு?"ன்னு கேட்டாரு. அப்பாவால அப்போ சரியா பேச முடியாது, இடது கையை லேசாத் தூக்கிக் காட்டினாரு. அந்தக் கையைத் தன்னோட ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு கொஞ்ச நேரம் சூடு பண்ணிட்டு, முழங்கை மடிப்புல விரலால தடவிப் பாத்து, ஒரே குத்து, ரத்தம் வந்துருச்சு. மஞ்சள் மூடி டியூபை மெதுவா அஞ்சு தடவை கவுத்து நிமித்திட்டு, அப்பாகிட்டயே பேரைக் கேட்டு (அப்பா சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னாரு) எங்க கண்ணு முன்னாடியே லேபிள் ஒட்டி ஐஸ் பாக்ஸ்ல வச்சாரு. பஞ்சை அமுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேலை செய்யாதுன்னு அவரே நின்னு பிடிச்சுட்டுத்தான் போனாரு. இதுக்கே ரெண்டு ஸ்டார் குடுக்கலாம். சாயங்காலம் 5 மணிக்கு வாட்ஸப்ல ரிப்போர்ட். லிப்பிட் ப்ரொஃபைல் (கொலஸ்ட்ரால் டெஸ்ட்) 450 ரூபா, வீட்டுக்கு வர்றதுக்கு 50.

இப்போ குறைக்கு வர்றேன்.

2023 மே ரிப்போர்ட்ல எல்டிஎல் 76. பக்கத்துல "நார்மல் 130க்குள்"னு போட்டிருந்துச்சு. எல்லாமே நார்மல், ஒண்ணு கூட கறுப்பு எழுத்துல தடிமனா இல்ல. எங்க சித்தப்பா ஒருத்தர் பாத்துட்டு "அதான் இறங்கிருச்சே, அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை, லிவர் போயிரும்"னாரு. மெடிக்கல் ஷாப்லயும் "ஆமா சார், நார்மல் ஆயிட்டா கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாம்"னு சொல்லிட்டாங்க. நாங்களும் நம்பிட்டோம். அட்டார்வாவை மட்டும் நிறுத்தினோம், டாக்டர்கிட்ட கேக்கல. அக்டோபர்ல திரும்ப எடுத்தோம், மொத்த கொலஸ்ட்ரால் 196, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 42, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்குற இன்னொரு வகைக் கொழுப்பு) 140, எல்டிஎல் 126. ஐம்பது கூடிருச்சு, ஆனா அந்தக் காகிதத்தைப் பாத்தா அது தெரியவே தெரியாது, ஏன்னா மொத்தம் 200க்குள்ள, எல்டிஎல் 130க்குள்ள, ட்ரைகிளிசரைடு 150க்குள்ள, எல்லாமே "நார்மல்". மாத்திரை இல்லாமயே நார்மலா இருக்குன்னு அம்மா மீனாட்சி கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தாங்க.

நவம்பர்ல ஒரு நாள் ராத்திரி இட்லி சாப்பிட்டுட்டு இருக்கும்போது அப்பா கைல இருந்த டம்ளர் நழுவி விழுந்துச்சு. என்னப்பான்னு கேட்டா ஏதோ சொல்றாரு, ஒண்ணும் புரியல, குழறுது. இருபது நிமிஷத்துல எல்லாம் சரியாயிருச்சு, பழையபடி பேசுறாரு. அம்மா "சரியாயிருச்சேப்பா, காலைல பாத்துக்கலாம்"னாங்க. எனக்கு மனசு கேக்கல, 108க்கு போன் பண்ணி கூட்டிட்டுப் போயிட்டேன். அது மினி ஸ்ட்ரோக்காம், தானா சரியாப் போனாலும் அடுத்த ரெண்டு நாள்தான் பெரிய ஸ்ட்ரோக் வர்றதுக்கு ரொம்ப ஆபத்தான நேரமாம். காலைல பாத்துக்கலாம்னு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைச்சா வயிறு கலங்குது.

இந்தத் தடவை வேற ஆஸ்பத்திரி, நரம்பியல் டாக்டர் ஒரு அம்மா. முதல் கேள்வியே "மூளைக்குள்ள இருக்குற ரத்தக்குழாயைப் படம் எடுத்தாங்களா?"ன்னுதான். எடுக்கல, கழுத்து வரைக்கும்தான் பாத்திருக்காங்க. எம்ஆர்ஏன்னு ஒரு ஸ்கேன், எம்ஆர்ஐ மிஷின்லயே எடுக்குறதுதான். படத்தைக் கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. கறுப்புப் பின்னணில ரத்தக்குழாய் எல்லாம் வெள்ளை வெள்ளையா மரக்கிளை மாதிரி தெரியுது. ஒரு பக்கத்துக் கிளை முழுசா, திடமா ஓடுது. இன்னொரு பக்கத்துல அதே கிளை ஆரம்பிச்ச கொஞ்ச தூரத்துலயே, பேனால மை தீந்து போனா கோடு மெலிஞ்சு விட்டுப்போகும்ல, அந்த மாதிரி ஒரு இடத்துல மங்கி, திரும்ப அந்தப் பக்கம் லேசா ஆரம்பிக்குது. இடது எம்சிஏன்னாங்க, மூளையோட பக்கவாட்டுப் பகுதிக்குப் போற பெரிய குழாய், பேச்சும் வலது கையும் அதை நம்பித்தான் இருக்கு. எம்ஆர்ஏல குறுகல் இருக்குறதைவிட கொஞ்சம் அதிகமா தெரியுறதும் உண்டாம், அதனால சிடி ஆஞ்சியோவும் எடுத்து உறுதி பண்ணாங்க. 70% குறுகல்.

வெள்ளைக்காரங்களுக்கு கழுத்துக் குழாய்லதான் அதிகமா அடைப்பு வருமாம், ஆசியா ஆளுங்களுக்கு, நம்மளையும் சேத்து, மண்டைக்குள்ள இருக்குற குழாய்லயே குறுகல் வர்றது ஜாஸ்தியாம். அதனால கழுத்து டாப்ளர் நார்மல்னு வந்தா நிம்மதியா தூங்கிறக் கூடாது. பிப்ரவரில ஒரு நார்மலை நம்பினோம், மே மாசம் இன்னொரு நார்மலை நம்பினோம்.

நான் கேட்டேன், மேடம் நம்ம போர் தண்ணி பைப்புல உப்பு படிஞ்சு அடைக்குற மாதிரியான்னு. இல்லைன்னாங்க. அவங்க சொன்னது என் மனசுல அப்படியே நின்னுருச்சு. சுவர்ல ஓதம் ஏறுனா என்ன ஆகும், தண்ணி வெளில நிக்காது, உள்ளுக்குள்ள ஏறி பூச்சு உப்பிக்கிட்டு வரும், வெளில சுண்ணாம்பு பாக்க நல்லாதான் இருக்கும், ஒரு நாள் பொத்துனு காரை பெயர்ந்து விழும். எல்டிஎல் கொழுப்பும் குழாய்க்குள்ள ஒட்டுறது இல்ல, குழாயோட சுவருக்குள்ள புகுந்துக்குது, உடம்போட காவல் செல்லுங்க அதைத் தின்னு வீங்கி அங்கயே கிடக்குது, சுவர் உள்பக்கமா உப்புது, வழி குறுகுது. குறுகுறது ஒரு பிரச்சனை, அந்த உப்பல் மேல இருக்குற மெல்லிசு தோல் கிழிஞ்சா அதைவிடப் பெரிய பிரச்சனை, கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு குழாயை மூடிரும், இல்ல துண்டு உடைஞ்சு மேல போய் சின்னக் குழாய்ல மாட்டிக்கும். அட்டார்வா மாதிரி ஸ்டாட்டின் மாத்திரை ரெண்டு வேலை செய்யுது, ஓதத்துக்கு வர்ற தண்ணியைக் குறைக்குது, உப்பின பூச்சு பெயராம இறுகவும் வைக்குது. "உங்கப்பாவுக்கு ரிப்போர்ட் நார்மல் ஆக்குறதுக்காக நான் இந்த மாத்திரை குடுக்கல, அந்தச் சுவர் உடையாம இருக்கக் குடுக்குறேன், நீங்க நம்பரைப் பாத்து நிறுத்திட்டீங்க"ன்னாங்க. திட்டக்கூட இல்ல, மெதுவாதான் சொன்னாங்க. அப்பா என்னையே பாத்துட்டு இருந்தாரு.

அந்த 130ங்குற எல்லை ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் எதுவுமே வராத சாதாரண ஆளுக்குப் போட்டது. ஒரு தடவை வந்து குழாயும் குறுகியிருக்குன்னா எல்டிஎல் 70க்குக் கீழ இருக்கணும். இது டாக்டர் வாய்க்கு வந்த நம்பர் இல்ல. வீட்டுக்கு வந்து நானே தேடிப் படிச்சேன், பிரான்சுலயும் தென் கொரியாவுலயும் ஸ்ட்ரோக் இல்லன்னா மினி ஸ்ட்ரோக் வந்த 2860 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு 70க்குக் கீழ, இன்னொண்ணுக்கு 90ல இருந்து 110க்குள்ளன்னு வச்சுப் பாத்திருக்காங்க, முடிவு 2020ல வந்துச்சு. 70க்குக் கீழ வச்ச குரூப்புல திரும்ப ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் மாதிரி பெருசா எதாச்சும் வந்தது 8.5%, இன்னொரு குரூப்புல 10.9%. அந்த 90-110 குரூப்புல இருந்தவங்க ரிப்போர்ட்டும் நம்ம லேப் காகிதத்துல "நார்மல்"னுதான் வந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ஸ்டென்ட் வச்சு குழாயை விரிச்சிரலாமேன்னும் கேட்டேன், ஹார்ட்டுக்கு வைக்குறாங்களே. அமெரிக்காவுல 70ல இருந்து 99% வரைக்கும் மூளைக்குழாய் குறுகினவங்க 451 பேர்கிட்ட இதைப் பாத்துட்டாங்களாம், 2011ல வெளியான ஆராய்ச்சி, சாம்ப்ரிஸ்னு பேரு. ஸ்டென்ட் வச்சவங்கள்ல முதல் 30 நாள்லயே 14.7% பேருக்கு ஸ்ட்ரோக் இல்லன்னா மரணம், வெறும் மருந்துல இருந்தவங்களுக்கு 5.8%. அதனால பாதிலயே புதுசா ஆள் சேக்குறதை நிறுத்திட்டாங்க. அந்த மருந்து குரூப்புக்கு என்ன குடுத்தாங்கன்னா ஆஸ்பிரின், கூட மூணு மாசம் க்ளோபிடோக்ரெல் (ரெண்டும் ரத்தம் உறையாம இருக்க), பிபி 140க்குக் கீழ, எல்டிஎல் 70க்குக் கீழ, நடை, பீடி சிகரெட் நிறுத்துறது. ராத்திரி போடுற அந்தச் சின்ன மாத்திரையும் சேந்த இந்த மருந்து வைத்தியம், மண்டைக்குள்ள கம்பி விட்டுச் செய்யுற வேலையைவிட எங்கப்பா மாதிரி ஆளுக்கு நல்லது பண்ணுதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு.

சரி, லேப் விஷயத்துக்கு வர்றேன். இப்போ அட்டார்வா 40 கூட எசிடிமைப் 10 சேந்த மாத்திரை. அட்டார்வா ஈரல்ல கொழுப்பு தயாராகுறதைக் குறைக்கும், எசிடிமைப் குடல்ல உறிஞ்சுறதைக் குறைக்கும். ஸ்டாட்டின் டோஸை டபுள் பண்ணா எல்டிஎல் கூடுதலா ஒரு 6% தான் இறங்குமாம், அதனால அதையே ஏத்திக்கிட்டுப் போகாம இன்னொண்ணைச் சேக்குறாங்க. 2024 பிப்ரவரில இதே லேப்ல எடுத்தோம், 58. அதுக்கப்புறம் ரெண்டு தடவை எடுத்தாச்சு, 61, 57. நம்பர்ல நம்பிக்கை இருக்கு, ஏன்னா ஒரு தடவை சந்தேகப்பட்டு அதே நாள் ஆஸ்பத்திரி லேப்லயும் குடுத்துப் பாத்தேன், ரெண்டே பாயின்ட்தான் வித்தியாசம்.

ஒண்ணு கேட்டுக்கோங்க, உங்க லேப்ல எல்டிஎல்லை நேரடியா அளக்குறாங்களா, கணக்குப் போடுறாங்களான்னு. நிறைய இடத்துல கணக்குதான், மொத்தத்துல இருந்து எச்டிஎல்லைக் கழிச்சு, ட்ரைகிளிசரைடை அஞ்சால வகுத்து அதையும் கழிப்பாங்க, 1972ல இருந்து இருக்குற ஃபார்முலா. எங்கப்பாவோட அக்டோபர் ரிப்போர்ட்டையே போட்டுப் பாருங்க, 196ல 42 போச்சு, 28 போச்சு, 126. ட்ரைகிளிசரைடு 400க்கு மேல போனா இந்தக் கணக்கு செல்லாது, அப்போ நேரடியா அளக்கச் சொல்லணும். எல்டிஎல் ரொம்பக் கீழ இறங்கினாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் குறைச்சுக் காட்டுமாம். இந்த லேப்ல கேட்டா நேரடியாவும் பண்ணித் தர்றாங்க, தனியா 150 ரூபா. கேக்காம சொல்ல மாட்டாங்க.

அப்புறம் 12 மணி நேரம் பட்டினி. எங்கப்பாவுக்கு சுகரும் இருக்கு. ஒரு தடவை அந்தத் தம்பி வர முடியாம நேர்ல போனோம், கூட்டம், ஒன்பதரை ஆயிருச்சு, அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு, மிட்டாய் குடுத்து உக்கார வச்சோம். டாக்டர்கிட்ட சொன்னா, எல்டிஎல் பாக்க பட்டினி பெரும்பாலும் தேவையில்ல, சாப்பிட்டா ட்ரைகிளிசரைடுதான் கொஞ்சம் ஏறும், அது ரொம்ப அதிகமா இருக்குறவங்களுக்கு மட்டும் பட்டினியா திரும்ப எடுத்தாப் போதும்னாங்க. ஆனா லேப் கவுன்டர்ல "பட்டினியா வரணும்"னு போர்டே தொங்குது. வயசானவங்க, சுகர் இருக்குறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிட்டுப் போங்க, அப்போ எடுத்துக்குறாங்க.

லிப்போபுரோட்டீன் (a)-ன்னு இன்னொரு டெஸ்ட், அப்பாவுக்கு ஒரு தடவை எடுக்கச் சொன்னாங்க. அது பரம்பரையா வர்றது, வாழ்க்கைல ஒரு தடவை பாத்தாப் போதும், சாப்பாட்டுலயோ ஸ்டாட்டின்லயோ இறங்காது. 50 மில்லிகிராமுக்கு மேல இருந்தா ரிஸ்க். அப்பாவுக்கு 71. இந்த லேப்ல வெளியூருக்கு அனுப்பித்தான் பண்றாங்க, நாலு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் நானும் எடுத்துக்கிட்டேன், எனக்கும் கூடுதலாதான் இருக்கு, அதனால 41 வயசுல நானும் டாக்டர் பாத்துட்டு இருக்கேன். எங்கப்பா ஒல்லி மனுசன், கறி மாசத்துக்கு ஒரு தடவை, அவருக்கு எப்படிக் கொழுப்புன்னு எல்லாரும் கேட்டாங்க. ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ராலை பெரும்பாலும் உடம்பே தயார் பண்ணுது, தட்டுல இருந்து வர்றது கம்மி. ஒல்லியா இருக்காங்கன்னு யாரையும் விட்டுறாதீங்க.

மாத்திரை பயம் பத்தியும் சொல்லணும், எங்க வீட்டுல எல்லாமே அங்கதான் ஆரம்பிச்சுச்சு. லிவர் டெஸ்டும் இதே லேப்ல சேத்து எடுத்துட்டு இருக்கோம், அப்பாவுக்கு ஒரு தடவை கூட ஏறல. தொடைச் சதை வலிக்குதுன்னு ஒரு மாசம் சொன்னாரு, டாக்டர் சதை பாதிச்சிருக்கான்னு பாக்க சிபிகேன்னு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, சரியா இருந்துச்சு, பிசியோதெரபி ஆரம்பிச்ச வலிதான் அது. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன், 2006ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில 4731 பேர்ல டம்மி மாத்திரை எடுத்தவங்களோட ஒப்பிட்டா அட்டார்வா 80 எடுத்தவங்களுக்கு ஸ்ட்ரோக் மொத்தமா 13.1%ல இருந்து 11.2%க்குக் குறைஞ்சுச்சு, ஆனா மூளைல ரத்தக்கசிவு மட்டும் 33 பேருக்குப் பதிலா 55 பேருக்கு வந்துச்சு. கசிவு வந்த ஆளுங்களுக்கு டாக்டர் வேற மாதிரி யோசிப்பாங்க. அதுக்குத்தான் சொல்றேன், ஆரம்பிக்குறதும் நிறுத்துறதும் அவங்க வாயில இருந்து வரட்டும், சித்தப்பா வாயில இருந்து வேணாம்.

போன வருஷம் நான் லேப் நடத்துற அக்காகிட்ட நேர்ல போய் அக்டோபர் ரிப்போர்ட்டைக் காட்டி நடந்ததை எல்லாம் சொன்னேன். சண்டை போடப் போகல. அவங்க முகம் சுருங்கிருச்சு, "இது மிஷின்லயே வர்ற அளவுப்பா, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பிரிண்ட் ஆகும், நாங்களா மாத்துறதில்ல"ன்னாங்க. நான் சொன்னேன், அக்கா, மாத்த வேணாம், கீழ ஒரு வரி போடுங்கன்னு. அடுத்த தடவை ரிப்போர்ட் வந்தப்போ நீல மையில ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சிருந்துச்சு, "ஏற்கனவே ஸ்ட்ரோக் / மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, மாத்திரையை நிறுத்தும் முன் மருத்துவரிடம் கேட்கவும்". எங்கப்பாவுக்கு மட்டும்னு நினைச்சேன், அங்க உக்காந்திருந்தவங்க கைல இருந்த காகிதத்துலயும் அதே ஸ்டாம்ப். அப்பதான் மூணா இருந்த என் மார்க்கை நாலாக்கினேன்.

அந்த இன்னொரு ஸ்டார் ஏன் இன்னும் குடுக்கலன்னா, ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் அன்னைக்கு நம்பர் மட்டும்தான் இருக்கு, போன தடவை எவ்வளவு, அதுக்கு முந்தி எவ்வளவுன்னு பக்கத்துல இல்ல. 76க்குப் பக்கத்துல 126 இருந்திருந்தா எங்கம்மா கூட கேட்டிருப்பாங்க, என்னப்பா இவ்வளவு ஏறியிருக்குன்னு. கம்ப்யூட்டர்ல பழைய ரிப்போர்ட் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. அக்காகிட்ட கேட்டிருக்கேன், சாஃப்ட்வேர் ஆள்கிட்ட சொல்றேன்னாங்க. அடுத்த டெஸ்ட் தை மாசம், அந்த ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல வந்துச்சுன்னா அன்னைக்கே வந்து அஞ்சா மாத்திடுறேன்.

ஞாயித்துக்கிழமை 11 மணி வரைக்கும்தான். வீட்டுக்கு வர்றதுக்கு முதல் நாள் சாயங்காலமே சொல்லிடுங்க, ஸ்ட்ரோக் ஆளுன்னு சொன்னா அந்தத் தம்பியையே அனுப்புவாங்க.